கட்டில் பாதையில் வந்த பஸ்

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே படிவத்தில் எழுதியபடி. டிப்போவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆமை என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் கேன்டீன்காரர் வரை கை காட்டுவார்கள். வயது ஐம்பத்து மூன்று. டிப்போவுக்குப் பின்தெருவில், மாவு மில்லுக்கு மேல் மாடியில், மனைவியோடு குடியிருக்கிறேன். அரசுப் பேருந்தில் ஓட்டுநராக வேலை செய்கிறேன். நிதானமாக ஓட்டுவேன் என்பதால் வந்த பட்டப்பெயர் அது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

டிப்போ மேலாளர் கொடுத்த புகார் சம்பந்தமாக என்னைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், வந்தேன். புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "ஒரு கும்பல் பேருந்தைச் சூழ்ந்துகொண்டு, பின்கண்ணாடியை உடைத்தும், ஏணியை வளைத்தும், பின்பக்க பம்பரைப் பிய்த்தும் சேதப்படுத்தியது" என்று அதில் இருந்தது. இது உண்மையா என்று ஆய்வாளர் கேட்டார். கண்ணாடி உடைந்தது உண்மை, ஏணி வளைந்தது உண்மை, பம்பர் பிய்ந்தது உண்மை, மற்றபடி அதில் ஒன்றும் உண்மை இல்லை என்று சொன்னேன். அப்படியானால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லும்படி சொன்னார். சொல்கிறேன்.

சம்பவத்தன்று காலை எனக்கு வழக்கமான தடத்தை விட்டுவிட்டு சோதனை ஓட்டம் என்று டியூட்டி போட்டிருந்தார்கள். பஸ்ஸே போகாத ஓர் இடத்துக்கு பஸ் விடலாமா கூடாதா என்று ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை ஓட்டம். பாதையையும் ஆள் தொகையையும் பார்த்து எழுதுவதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து தட அதிகாரி ஒருவர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, பேச்சு குறைவு. எனக்கு இடப்பக்கம் முதல் சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டர் எப்போதும் என்னோடு வருகிற தம்பிதான். அவனுக்கு வாய் ஓயாது, ஆனால் நல்ல பையன்.

நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற மண் பாதையின் முனையில் ஓர் அம்மாள் காத்திருந்து கை காட்டினார். கொத்து வேலை செய்கிறவர், அங்கே எல்லோருக்கும் அவர் மேஸ்திரி அக்கா. வழி காட்டுவதற்காக ஏறிக்கொண்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சீட்டுல சிமெண்டு கறை பட்டுடும்ங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவர் சேலையில் சிமெண்ட் எதுவும் இல்லை.

அந்தப் பாதையை ஊரே சேர்ந்து வெட்டியது என்று வண்டி போகப் போக அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு பக்கமும் நூல் பிடித்து வெட்டிய மாதிரி இருந்தது. தொடக்கத்திலிருந்து எங்கேயும் ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஒரு பாதையை கான்ட்ராக்டர் போட்டு நான் பார்த்ததே இல்லை. அதன் பிறகு குன்றைச் சுற்றி வருகிற வளைவு வந்தது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஓடை. அங்கே நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். வளைவிலும் அதே அகலம்தான் இருந்தது.

"இங்க மட்டும் அகலமா வெட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"டவுன் பஸ் ஸ்டாண்டுக்கே ஆள் அனுப்பி, கயிறு வெச்சு பஸ்ஸோட அகலத்தை அளந்துட்டு வந்துதாங்க வெட்டினோம்" என்றார்.

"அகலம் சரிக்கா. நீளத்தை அளக்கலையா?"

"நீளம் எதுக்குங்க?"

"வளைவுல திரும்ப வேணாமா?"

"கட்டில் திரும்புதே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு அவர் விளக்கினார். அந்த இடத்துக்கு வண்டி எதுவும் வந்ததில்லை என்பதால், உடம்புக்கு முடியாதவர்களைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, நான்கு பேர் தோளில் வைத்து நெடுஞ்சாலை வரை தூக்கிப்போவார்கள். வளைவு வந்தால் முன்னால் இருப்பவர்கள் நின்ற இடத்தில் நிற்க, பின்னால் இருப்பவர்கள் பக்கவாட்டில் நடந்து கட்டிலைத் திருப்பிவிடுவார்கள். காலம் காலமாக அப்படித் திரும்பிய பாதை அது. பஸ்ஸின் பின்பக்கம் பக்கவாட்டில் நடக்காது என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டு விளிம்புக்குப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன்.

வண்டி காலியாக இருந்ததால் ஒருவாறு திருப்பலாம் என்று கணித்து, முன்பக்கத்தைப் பள்ளத்தின் விளிம்பு வரை கொண்டுபோய் ஒடித்துத் திருப்பினேன். மண் தாங்கியது. அப்போதே விளிம்பு மண் இளகியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அது என் கணிப்புப் பிசகு, அதை எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு ஊருக்குள் போனோம். எல்லோரும் வெளியில் வந்து நின்றார்கள். கைதட்டல், கூச்சல் ஒன்றும் இல்லை. ஒரு பெண் கிட்டே வந்து டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பிறகு வரிசையாக எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். நான் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தேன். தினமும் நான் உதைத்துப் பார்க்கிற டயர் அது.

அதிகாரி வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி அக்காவைக் கூப்பிட்டார். அவர் கடுமையாகப் பேசவில்லை. "விதின்னு ஒண்ணு இருக்கும்மா. பஸ் விடணும்னா இத்தனை ஆளாவது இருக்கணும்னு இருக்கு. இங்க அதுல பாதி கூட தேறாது. விதிப்படி இதை ஊர்னே எழுத முடியாது, சிதறின வீடுகள்னுதான் எழுதணும்" என்றார்.

அதற்கு மேஸ்திரி அக்கா, "ஆள் கொறஞ்சு போச்சுன்னுதாங்க பஸ்ஸே கேக்குறோம். நிறைய பேர் இருந்தா பஸ் எதுக்கு? நாங்களே தூக்கிட்டுப் போயிட மாட்டோமா?" என்றார். முன்பெல்லாம் கட்டிலுக்குப் பின்னால் தோள் மாற்ற நிறைய ஆள் வரும், இப்போது வயசுப் பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள், தூக்குகிறவர்களும் தூக்கப்படுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே வயசு என்று சொன்னார். அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

அதன் பிறகு மேஸ்திரி அக்கா ஒன்று கேட்டார். பஸ் இனி வருகிறதோ இல்லையோ, வந்த பஸ்ஸில் ஒரே ஒரு தடவை நெடுஞ்சாலை வரை போய்த் திரும்ப வேண்டும் என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு அந்த வளைவு ஞாபகம் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை, ஏறச் சொன்னேன்.

எல்லோரும் ஏற இடம் போதாது. யார் ஏறுவது என்று அவர்கள் சண்டை போடவில்லை, கூடிப் பேசவும் இல்லை. கட்டிலில் போய் வந்தவர்கள் மட்டும் ஏறினார்கள். பிரசவத்துக்குத் தூக்கிப்போனவர்கள், காய்ச்சலில் போனவர்கள், பாம்பு கடித்துப் போனவர்கள் என்று பஸ் நிரம்பிவிட்டது. கடைசி நீள சீட்டில் ஒரு தையல்காரர் உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழ் பலம் இல்லாதவர், அவரைத்தான் அதிகமாகத் தூக்கியிருக்கிறார்கள். கண்டக்டர் தம்பி அவரிடம், "என்ன தாத்தா, ரிசர்வேஷனா?" என்று கேட்க, அவர், "சீசன் டிக்கெட்டுப்பா" என்றார். ஏறாதவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். நான் போகிற வேகத்துக்கு நடந்தே வரலாம், அதுதான் என் பட்டப்பெயர். அவர்களில் நான்கு பேர் காலிக் கட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது எதற்கு என்று கண்டக்டர் கேட்டதற்கு, "பஸ் நின்னு போச்சுன்னா?" என்று பதில் வந்தது.

ஏற்றத்தில் போகும்போது உள்கண்ணாடியில் ஒன்றைக் கவனித்தேன். உட்கார்ந்திருந்த எல்லோரும் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பயமா என்று கேட்டேன். "பயமில்லீங்க, ஏத்தம்ல, கனம் தெரியாம உக்காந்திருக்கோம்" என்று தையல்காரர் சொன்னார். கட்டிலில் போகிறவர்கள், தூக்குகிறவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அப்படித்தான் படுத்திருப்பார்களாம். இன்ஜினுக்கும் அதே மரியாதை. நான் முன்னால் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது.

வளைவு வந்தது. இந்த முறை பாறை இடப்பக்கம், பள்ளம் வலப்பக்கமும் எதிரேயும். போனபோது திருப்பிய மாதிரியே முன்பக்கத்தை விளிம்புக்குக் கொண்டுபோய் ஒடித்தேன். பாதித் திருப்பத்தில் விளிம்பு மண் சரிந்தது. முன்சக்கரம் இரண்டும் வெளியே போய்விட்டன. வண்டியின் அடிவயிறு மண்ணில் உட்கார்ந்தது. எதிர்க்கண்ணாடியில் ஓடை தெரிந்தது. பின்பக்கம் மெல்ல மேலே எழும்புவது என் இருக்கையிலேயே தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன், மிதித்த காலை எடுக்கவில்லை. கைப்பிரேக் அந்த வண்டியில் பெயருக்குத்தான் உண்டு, அது டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அசைய வேண்டாம் என்று கத்தினேன். அதிகாரி முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், அவர் உதடு வெளுத்துவிட்டது.

எழும்பிய பின்பக்கம் அதற்கு மேல் எழும்பவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நடந்து வந்தவர்கள் பம்பரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்லி ஓடிவந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஒருவருக்கும் சொல்ல நேரமே இல்லை. சிலர் ஏணியில் ஏறிக் கூரையின் பின்கோடியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஏற ஏறப் பின்சக்கரம் இறங்கித் தரையைத் தொட்டது.

அதன் பிறகு வெளியே பின்னாலிருந்து மேஸ்திரி அக்காவின் குரல் கேட்டது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களைப் பார்த்து, "மூச்சைப் பிடிக்காதீங்க! கனமா உக்காருங்க! எல்லாரும் பின்னாடி நகர்ந்து கனமா உக்காருங்க!" என்று கத்தினார். அவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். தையல்காரர் மடியில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அவர், "இத்தனை வருஷமா எல்லாருக்கும் பாரமா இருக்கோமேன்னு செத்துச் செத்துப் பொழச்சேன். இன்னிக்குத்தான்டா இந்தப் பாரம் உதவுது, ஏறி உக்காருங்கடா" என்று சிரித்தார். உண்மையில் சிரித்தார், நான் கண்ணாடியில் பார்த்தேன்.

வெளியேற வழி பார்த்தோம். முன்படி அந்தரத்தில் இருந்தது. பின்படி பாறையோடு ஒட்டியிருந்ததால் கதவு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. ஆபத்துக்கால வழி வலப்பக்கம், திறந்தால் பள்ளம். மிச்சம் இருந்தது பின்கண்ணாடிதான். அதை உடைக்கும்படி நான் கத்தினேன். அவர்கள் உடைக்கவில்லை. "கவர்மெண்டு கண்ணாடிங்க" என்று கூரையிலிருந்து ஒருவர் சொன்னார். கண்டக்டரிடம் அனுமதி கேட்டார்கள், பிறகு அதிகாரியிடம் கேட்டார்கள். அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தியதற்குப் பிறகுதான் உடைத்தார்கள். ஆகவே பின்கண்ணாடி என் உத்தரவின் பேரில் உடைக்கப்பட்டது. உத்தரவு போட எனக்கு அதிகாரம் உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். அந்த நேரத்தில் அந்தப் பஸ்ஸில் பிரேக்கில் கால் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று சொன்னேன்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் நீளும். சுருக்காமல் அப்படியே எழுதிக்கொள்ளவும் என்று எழுத்தரிடம் கேட்டுக்கொண்டேன்.

பின்னால் இருக்கிற ஓர் ஆள் இறங்கினால் அந்த ஆளின் எடை போய்விடும், வண்டி முன்னால் சாயும். அது அவர்களுக்கு நான் சொல்லாமலே தெரிந்திருந்தது. கட்டில் தூக்குவதில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. தூக்குகிறவருக்குக் களைத்துவிட்டால் "தோள்" என்று ஒரு சொல் சொல்வார். பின்னால் நடந்து வருகிறவர் தன் தோளைக் கொடுத்து, பாரம் தன் மேல் முழுவதும் இறங்கிய பிறகு "ஆச்சு" என்று சொல்வார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் முதல் ஆள் விலகுவார். விலகியவர் வீட்டுக்குப் போவதில்லை, கட்டிலின் பின்னாலேயே நடந்து வந்து அடுத்த முறை தோள் கொடுப்பார். புறப்பட்ட இடத்திலிருந்து நெடுஞ்சாலை வரை கட்டில் ஒருமுறைகூடத் தரையைத் தொடாது.

அதையேதான் அங்கேயும் செய்தார்கள். உள்ளே இருந்த ஒருவர் உடைத்த பின்ஜன்னல் விளிம்பில் கால் வைத்து "தோள்" என்பார். வெளியே புதிதாக ஓர் ஆள் தொற்றிக்கொண்டு "ஆச்சு" என்பார். உள்ளே இருந்தவர் இறங்குவார். இறங்கியவர் அந்த இடத்தை விட்டு ஓடவில்லை. காய்ச்சலில் போனவரும், பிரசவத்துக்குப் போனவரும், பாம்பு கடித்துப் பிழைத்தவரும் இறங்கிய இடத்திலேயே திரும்பி, ஏணியையோ பம்பரையோ இன்னொருவர் இடுப்பையோ பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கு "ஆச்சு" என்றார்கள். தையல்காரரைத் தூக்கி இறக்கியதும் அவர் பம்பரை இரு கையாலும் பற்றிக்கொண்டார். கால் தரையில் கிடந்தது, கையில் தொங்கினார். அந்த ஊரில் இருந்த ஒவ்வொரு உயிரையும் நான் அந்தக் கண்ணாடியில் பார்த்தேன். ஆறு தலைமுறைக்குப் பஸ் ஓட்டினாலும் எனக்கு அப்படி ஒரு காட்சி கிடைக்காது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்துக்கு மேலே வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கண்டக்டர் இறங்கினான். அவனை நெடுஞ்சாலைக்கு ஓடிப்போய் கிரேனுக்குச் சொல்லும்படி அனுப்பினேன், அதனால் அவன் கை சேரவில்லை. அதன் பிறகு அதிகாரி எழுந்து சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனார். ஜன்னலில் கால் வைத்ததும் அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "தோள்னு சொல்லுங்க சார்" என்று மேஸ்திரி அக்கா சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னார். இறங்கிப் பாறை ஓரமாகப் போய் நின்றார். பிறகு திரும்பி வந்தார். ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துத் தொங்கினார். அவருடைய செருப்பு ஒன்று காணாமல் போயிருந்தது. அந்தச் சட்டையின் முதுகு முழுவதும் யாருடைய கை மண்ணோ அப்பியிருந்தது.

மிச்சம் நான் மட்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி வழுக்கும். சக்கரத்துக்கு முன்னால் வைக்கக் கல் வேண்டும் என்றேன். கல் இல்லை. அங்கே கிடந்த கல்லையெல்லாம் பாதைக்குப் போட்டுவிட்டார்கள், மீதி இருந்தது ஒரே பாறை. அதன் பிறகு அந்தக் கட்டிலை எடுத்துவந்து, காலை ஒடித்து, இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னால் அடித்து முட்டுக் கொடுத்தார்கள். கட்டிலை ஒடிக்கிற சத்தம் எனக்கு உள்ளே வரை கேட்டது. அந்த ஊருக்கு இருந்த ஒரே வண்டி அதுதான்.

"டிரைவரே, வாங்க" என்று மேஸ்திரி அக்கா கூப்பிட்டார். எனக்குக் கால் வரவில்லை. அவர்கள் பிடித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறேன், ஆனாலும் காலை எடுக்க முடியவில்லை. பஸ் ஓட்ட வந்த நாளிலிருந்து எல்லோர் பாரமும் என் காலடியில் என்று பழகியவன் நான், என் பாரத்தை யாரிடமும் கொடுத்துப் பழக்கமில்லை. பிறகு "தோள்" என்று சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்தான் சொன்னேன்.

"ஆச்சு" என்று ஊரே சொன்னது.

காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. பஸ்ஸின் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தேன், நடக்கும்போது அழுதேன். இதையும் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார், எழுதச் சொன்னேன்.

உள்ளே ஆள் இல்லை என்றானதும் நான், "எல்லாரும் விட்டுட்டு விலகுங்க, பஸ் போனா போகட்டும்" என்று சொன்னேன். ஒருவரும் விடவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். மேஸ்திரி அக்கா பம்பரைப் பிடித்தபடியே, "எங்க ஊருக்கு மொதமொத வந்த பஸ்ஸுங்க. இது உருண்டுச்சுன்னா இன்னொன்னை யாருங்க அனுப்புவா?" என்றார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஏணிப் படியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே மட்டும் யாரும் ஏறக் கூடாது என்றேன், அந்த ஒன்றை மட்டும் கேட்டார்கள்.

அதன் பிறகு கிரேன் வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் பிடித்தது, கிரேன் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. களைத்தவர் "தோள்" என்பார், தண்ணீர் குடித்து வந்தவர் "ஆச்சு" என்பார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி விலகி, பாறை நிழலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி வந்து பிடித்தாள். ஏணி அப்போதுதான் வளைந்தது. பம்பர் அப்போதுதான் ஒரு பக்கம் பிய்ந்தது, பிய்ந்ததும் அதில் தொங்கியவர்கள் எனக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள், கவர்மெண்டு சாமானைக் கெடுத்துவிட்டோமே என்று. நானும் பிடித்தேன். என்னை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், ஒருமுறை மாற்றியவர் தையல்காரர்.

கிரேன்காரர் வந்து பார்த்துவிட்டு இரும்புக் கயிற்றை மாட்ட மறந்து கொஞ்ச நேரம் நின்றார். மாட்டி இழுத்து, நான்கு சக்கரமும் பாதையில் நின்ற பிறகு, "விடலாம்" என்றேன். அப்போதும் மேஸ்திரி அக்கா என்னிடம், "தோள் சொல்லுங்க" என்றார். கிரேன்காரர் "ஆச்சு" சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்கள். பலருக்கு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது, ஒருவர் விரலை ஒருவர் நீவி நீட்டிவிட்டார்கள்.

கேட்ட கேள்விகளுக்கு என் பதில் பின்வருமாறு. யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் பஸ்ஸைச் சூழ்ந்து தாக்கவில்லை. சேதம் முழுவதும் பஸ்ஸையும் அதில் இருந்தவர்களையும் காப்பாற்றும்போது ஏற்பட்டது. வளைவில் போதிய இடம் இல்லை என்று தெரிந்தும் ஆள் ஏற்றி ஓட்டியது நான், அதற்கு என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த ஊருக்கான பஸ் கோப்பை மூடிவிடுவார்கள் என்று டிப்போவில் பேசிக்கொள்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். புகாரில் கண்ணாடி இருக்கிறது, ஏணி இருக்கிறது, பம்பர் இருக்கிறது. ஒடித்த கட்டில் எங்கேயும் இல்லை. அதைச் சேதப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு அங்கே யாருக்காவது முடியாமல் போனால் தூக்கிப்போக ஒன்றுமே கிடையாது.

தட அதிகாரி தம் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இன்று காலை இந்த நிலையத்து வாசலில் அவரைப் பார்த்தேன், அவரும் வாக்குமூலம் கொடுக்க வந்திருந்தார். உள்ளங்கை இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது. "அவங்களுக்கு வேற கட்டில் கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஆய்வாளர் கடைசியாகக் கேட்டார். நான் எண்ணவில்லை. ஒரு பஸ்ஸை விழாமல் பிடிக்கிற அளவுக்கு இருக்கிறார்கள்.

மேலே எழுதியிருப்பது நான் என் வாயால் சொன்னது, பார்த்ததைத் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. எழுத்தர் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் ஊர் என்று சொன்ன இடத்திலெல்லாம் கும்பல் என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன், புகாரோடு ஒத்துப்போக வேண்டும் என்றும், அந்த இடம் விதிப்படி ஊர் கணக்கில் வராது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஊர் என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அடித்து எழுதினார். ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் நான் சுருக்கொப்பம் வைத்தேன். அதன் பிறகு கீழே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)
ஓட்டுநர்